ராக் மேடை முன்னால் நம்ம வேலூர்க்காரர்கள்: சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

காட்பாடி:
எந்தப் பேண்டு என்ன வாசித்தது என்பதை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். கூட்டத்தில் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் நான்.

2007 மார்ச் 17. இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டு அயர்ன் மெய்டன் முதல்முறையாக இந்தியாவில் வாசித்த நாள், பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் அன்ரிசர்வ்ட் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்தே கறுப்பு டி-ஷர்ட் கூட்டம். கதவோரம் என் பக்கத்தில் நின்றவர் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிற அண்ணன். இரவல் கேசட்டிலேயே எல்லா ஆல்பமும் கேட்டு முடித்தவர். வழியெல்லாம் டிரம்ஸைப் பற்றியும் பேஸ் என்கிற தாழ்ந்த சுருதி கிடாரைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் டெல்லி பேண்டு பரிக்ரமா வாசித்து முடித்து, மெய்டன் மேடையேறியதும் அந்த அண்ணன் என் தோளைத் தொட்டார். "தம்பி, மூணு கிடாரையும் விட்டுடு. ஸ்டீவ் ஹாரிஸ் விரலைப் பாரு. பேஸை மட்டும் கேளு." மெய்டனின் பேஸ் வாசிப்பவர் அவர். கம்பியை மீட்டும் பிக் இல்லை, வெறும் விரல்கள்தான். குதிரைப் பாய்ச்சலில் அந்தத் தாளம் வயிற்றுக்குள் இறங்கியது. அதுவரை பேஸ் என்ற ஒன்றை நான் தனியாகக் கேட்டதே கிடையாது. இன்றைக்கும் எந்தப் பாட்டானாலும் முதலில் என் காது அங்கேதான் போகிறது. அந்த அண்ணன் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

இன்னொன்று. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது என்ற விதியால் கச்சேரி நேரத்தோடு முடியும். பேலஸ் கிரவுண்ட்ஸிலிருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம்தான். சென்னை மெயிலைப் பிடித்தால் விடிவதற்குள் வீடு. நம்மைப் போல ரயிலை நம்பிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ராணிப்பேட்டை:
நான் பார்த்தது அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன ஆஸ்ஃபெஸ்ட். பிளாக் சாபத் பேண்டின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னும் மனைவி ஷாரனும் 1996இல் தொடங்கிய ராக் விழா. பெரிய மேடையில் பேர் பெற்றவர்கள், சின்ன மேடையில் புதியவர்கள். 1998இல் சிஸ்டம் ஆஃப் எ டவுன், 1999இல் ஸ்லிப்நாட் எல்லாம் அந்தச் சின்ன மேடையில் வாசித்தவர்கள்தான். என்னைக் கேட்டால் அந்த விழாவின் உயிர் அங்கேதான் இருந்தது.

2004 ஆகஸ்ட், நியூஜெர்சியின் கேம்டன். வேலைக்காக அப்போது அந்தப் பக்கம் இருந்தேன். அன்றைக்கு ஓஸிக்கு மூச்சுக்குழாய் அழற்சி, பாட முடியாத நிலை. தன்னுடைய ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்டோடு பாடி முடித்த ராப் ஹால்ஃபோர்ட், அதே இரவில் பிளாக் சாபத்துக்கும் பாடினார். அவருக்கு அப்போது 53 வயது. என் பக்கத்துப் புல்தரையில் அப்பாவும் மகனுமாக வந்திருந்தார்கள். ஓஸியைப் பார்க்கவே அப்பா வந்திருந்தார், முகம் வாடிப்போனது. இரண்டு பாட்டு போனதும் எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவில்லை. "ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் எடுத்துப் பாடுறாங்க பாரு" என்கிற பொருளில் மகனிடம் சொன்னார். என்னிடம் ஊர் எது என்று கேட்டார்கள். மெட்ராஸ் பக்கம், தோல் பதனிடும் ஊர் என்றேன். மகன் தன் ஜாக்கெட் காலரைத் திருப்பி லேபிளைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

2025 ஜூலை 22இல் ஓஸி காலமான செய்தி வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் அந்த அப்பாதான். ஓஸி போய்விடுவதற்குப் பதினேழு நாள் முன்னால் பர்மிங்ஹாமில் கடைசி மேடை, அவர் பிறந்த ஊரிலேயே. நாற்காலியில் உட்கார்ந்து பாடினார்.

குடியாத்தம்:
அமெரிக்க மெட்டல் பேண்டு மெட்டாலிகா, 2011 அக்டோபர் 30, பெங்களூரு. இரண்டு நாள் முன்னால்தான் குர்கானில் தடுப்பு உடைந்து, அவர்கள் கச்சேரி நின்று, ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையேறி உடைத்திருந்தது. அதை டிவியில் பார்த்த அம்மா போகவே கூடாது என்றார். சித்தப்பாதான் பேசி அனுப்பினார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் சின்ன வயதிலிருந்தே அவர் கையைப் பிடித்து நின்றவன் நான். முழங்கை நெஞ்சுக்கு முன்னால் இருக்கணும், தள்ளும்போது எதிர்க்கக் கூடாது, சாய்வாக ஓரத்துக்கு நகரணும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்.

மேடை முன்னால் ரசிகர்கள் இடித்துத் தள்ளி ஆடும் மோஷ் பிட்டில் அது அப்படியே உதவியது. ஆனாலும் சேற்றில் வழுக்கி விழுந்தேன். கீழே கிடந்தது இரண்டு மூன்று நொடிதான் இருக்கும், நாலு கை சேர்ந்து தூக்கிவிட்டது. ஒரு கன்னடப் பையன் இரண்டு கையையும் விரித்து இடம் உண்டாக்கினான். கொஞ்ச தூரத்தில் ஒருவர் ஒற்றை ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, தொலைத்தவர் வரும்வரை நின்றிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. உள்ளே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: விழுந்தவனைத் தூக்காமல் ஆட்டம் தொடராது.

சத்துவாச்சாரி:
எல்லோரும் சொன்னதைக் கேட்க சந்தோஷம். காது பற்றி யாருமே எழுதவில்லையே! செவித்திறன் சோதனை என் தொழில், அதனால் கேட்கிறேன். சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் காது எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் மேடை முன்னால் 100 என்பது சாதாரணம்.

பெங்களூரு ஓப்பன் ஏர் மெட்டல் விழாவுக்குப் பை நிறைய நுரை இயர் பிளக் கொண்டுபோனேன். பெண்கள் குறைவாகத்தான் இருந்தார்கள், தனியாக நிற்கக் கொஞ்சம் தயக்கம். மேகாலயாவிலிருந்து வந்த மூன்று பெண்கள் "அக்கா, எங்களோட நில்லுங்க" என்று இந்தியில் கூப்பிட்டார்கள். அன்று முழுக்க அவர்களோடுதான். ஷில்லாங்கில் வீட்டுக்கு வீடு கிடார் என்று கதை சொன்னார்கள். பிளக்கை உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, நுரை விரியும்வரை பிடித்துக்கொள்ள நான் கற்றுக்கொடுத்தேன். போட்ட பிறகு பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்றார்கள். உண்மைதான்.

கச்சேரி முடிந்து காதில் ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரென ஒரு காது அடைத்து, கேட்பது குறைந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்புவது கஷ்டம்.

காட்பாடி:
நன்றி அக்கா. இந்த நுரை பிளக் நம்ம ஊரில் எங்கே கிடைக்கும்?

சத்துவாச்சாரி:
பெரிய மருந்துக் கடைகளில் கேளுங்க தம்பி. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடையில் இன்னும் மலிவு. பாக்கெட்டில் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க.