ஒன்றாம் வகுப்பு மகன் (6 வயது, ஆட்டிசம்): அடிக்கிறான், ஓடுகிறான், பள்ளியிலிருந்து 10.30க்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்

டர்பன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஜனவரியில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு அரசுப் பள்ளியில் கிரேடு 1 சேர்த்தோம். வகுப்பில் 38 பிள்ளைகள். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுவான். சொன்னால் புரியும், ஆனால் கொஞ்சம் நேரம் எடுக்கும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்.

காலையில் போனதும் ஒன்பது, ஒன்பதரை வரை பிரச்சினையே இல்லை. மேட்டில் (தரையில் விரித்த பாயில்) எல்லாரையும் உட்கார வைத்து வாசிக்கும்போதும், அதற்கப்புறம் எழுதச் சொல்லும்போதும்தான் ஆரம்பிக்கிறது. டீச்சரை அடிக்கிறான், புத்தகத்தை வீசுகிறான், கதவு திறந்திருந்தால் ஓடிவிடுகிறான். ஒரு தடவை கடித்தும் விட்டான். உடனே ஆபீஸில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்கு போன். 10.30க்குப் போய்க் கூட்டி வருகிறோம். டீச்சர் நல்லவர்தான், ஆனால் அடித்த நாளில் பிரேக் டைமுக்கு வெளியே விடுவதில்லை. நாள் முழுக்க அடிக்காமல் இருந்தால் ஸ்டிக்கர் என்று சார்ட் போட்டோம், அதுவும் பலிக்கவில்லை.

இப்போது "சஸ்பெண்ட் செய்ய வேண்டி வரும், சொந்தச் செலவில் ஃபெசிலிட்டேட்டர் (வகுப்பில் அவனுக்கென்று தனி உதவியாளர்) வையுங்கள், இல்லை ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்" என்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லி வேறு ஒருவர். அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது. என்ன கேட்பது, என்ன செய்யச் சொல்வது? நாங்கள் வேலை விசாவில் வந்தவர்கள், இங்குள்ள நடைமுறை தெரியாது.

ஃபீனிக்ஸ்_சிறப்புக்கல்வி:

அக்கா, பாதி விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வேலை கஷ்டமானதும் அடிக்கிறான், அடித்ததும் வேலை நின்று வீட்டுக்குப் போகிறான். பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். "எனக்கு முடியவில்லை, கொஞ்சம் விடுங்கள்" என்று சொல்ல அவனிடம் வேறு வழி எதுவும் இல்லை. அந்த வழியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடித்தால் வீடு என்ற வழியை அடைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யவேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் இன்னும் மோசமாகும்.

கூட்டத்துக்கு முன் ஐந்து பள்ளி நாட்களுக்காவது டீச்சரை ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். நேரம், என்ன பாடம், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது, அவன் செய்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. "திடீரென்று முரட்டுத்தனம்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. இப்படி இருக்க வேண்டும்: "9.40. மேட்டில் வாசிப்பு, உட்கார்ந்து 12 நிமிடம். காதைப் பொத்தினான், முன்னும் பின்னும் ஆடினான். 'ஒழுங்காக உட்கார்' என்று இரண்டு முறை சொல்லப்பட்டது. டீச்சர் முழங்கையில் அடித்தான். ஆபீஸ், 10.30க்கு வீடு." இந்த ஒரு வரியில் காதைப் பொத்தியதும் ஆடியதும்தான் தங்கம். அடி வருவதற்கு முன் அவன் தரும் முன்னறிவிப்பு அது. உதவி வரவேண்டிய நேரமும் அதுதான்.

பிள்ளைகள் அடிப்பதற்குப் பொதுவாக நாலு காரணம் இருக்கும்: வேலையிலிருந்து தப்ப, கவனம் பெற, ஒரு பொருளைப் பெற, உடலுக்குள் ஏதோ தொந்தரவு. தாளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் அதிகம். இருந்தாலும் பல் வலி, காது வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு எதுவும் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சு குறைவான பிள்ளையின் வலி நடத்தையாகத்தான் வெளியே வரும்.

இப்போது அந்த வழி: "பிரேக் கார்டு", ஓய்வு வேண்டும்போது அவன் எடுத்துக் கொடுக்கும் அட்டை. உள்ளங்கை அளவு அட்டை, அதில் ஓய்வு மூலையின் உண்மையான போட்டோ, மேலே லாமினேஷன். மேஜை ஓரத்தில் ஒன்று, மேட் பக்கத்தில் ஒன்று, டீச்சர் கழுத்துப் பட்டையில் ஒன்று. ஓய்வு மூலை வகுப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும், ஆபீஸில் வேண்டாம். ஆபீஸில் போன், பிஸ்கட், பேச்சுத் துணை எல்லாம் உண்டு, வகுப்பு அதோடு போட்டி போட முடியாது. மூலையில் ஒரு மெத்தை, இரண்டு நிமிட மணல் கடிகாரம் போதும்.

சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். கோபத்தில் இருக்கும்போது கார்டைக் காட்டினால் பறந்து போகும். அமைதியாக இருக்கும்போது, இரண்டு பெரியவர்கள் வேண்டும். பின்னால் இருப்பவர் வாய் திறக்காமல் அவன் கையைப் பிடித்து கார்டை எடுத்துக் கொடுக்க வைப்பார். முன்னால் இருப்பவர் வாங்கிக்கொண்டு "பிரேக்" என்று ஒரே சொல் சொல்லி அந்த நொடியே விடுவார். "என்ன வேண்டும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும் வரை காத்திருப்பான். முதல் சில நாட்கள் தினம் எட்டு பத்து முறை இப்படி. முதல் இரண்டு வாரம் எப்போது கொடுத்தாலும் மறுக்கவே கூடாது.

மணல் இறங்கியதும் திரும்பி வந்து அதே வேலை, ஆனால் சிறியதாக. ஒரு வரிக்குப் பதில் இரண்டு எழுத்து. வந்து பார்த்தால் வேலையே இல்லை என்றால், கார்டு வேலையை ஒழிக்கும் சீட்டாகிவிடும்.

அப்படியும் அடித்தால்: மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள், ஒரே ஒரு பெரியவர் அருகில், கையைத் தடுக்கலாம், பேச்சு வேண்டாம். அந்தக் கொந்தளிப்பில் எந்தக் கட்டளையும் உள்ளே போகாது. முழுக்க அடங்கிய பிறகு ஒரே ஒரு எழுத்து, பிறகு முடித்துவிடலாம். வீட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். முதலில் சில நாள் அடி கூடும், பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பான். இதை பிரின்சிபாலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலாவது நாள் "இது சரிப்படாது" என்று கைவிடுவார்கள்.

பிரேக் டைமைப் பறிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓடியாட வேண்டிய உடம்பை அடைத்து வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்கு உட்காரச் சொன்னால் என்ன நடக்கும்? ஸ்டிக்கர் சார்ட் பலிக்காததற்கு அந்தப் பிள்ளைக்கு "நாள் முழுக்க" என்பது மிக நீளம் என்பதுதான் காரணம். ஐந்து வில்லை ஒட்டும் பட்டை வையுங்கள். மூன்று நாலு நிமிடம் உட்கார்ந்தால் ஒரு வில்லை, 20 நிமிடத்துக்குள் ஐந்தும் நிரம்பி அவன் தேர்ந்தெடுத்த பரிசு கையில் வர வேண்டும். கொடுத்த வில்லையைப் பிடுங்கக் கூடாது.

ஓடி_சாட்ஸ்வர்த்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். உடல் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

மேட்டுக்கு ஐந்து நிமிடம் முன் அவனுக்கு ஒரு பளுவான வேலை: புத்தகக் கட்டை அலமாரிக்கு எடுத்துப் போவது, சுவரை இரு கையாலும் பத்து முறை தள்ளுவது. மேட்டில் நடுவில் வேண்டாம், ஓரத்தில், முதுகு சுவரில் சாயும்படி. பக்கத்துப் பிள்ளை முட்டி இடிப்பதே பல அடிகளுக்குத் தொடக்கம். 12 நிமிடத்தில் உடைகிறான் என்று தாள் காட்டினால், 8 நிமிடத்தில் எழுந்து போக விடுங்கள். நன்றாக இருக்கும்போதே முடிப்பது முக்கியம்.

நாற்காலியில் கால் தரையில் படுகிறதா பாருங்கள். தொங்கினால் கீழே ஒரு பெட்டி. எழுத்து வேலையில் பென்சில் பிடிப்பதே அவனுக்கு வலியாக இருக்கலாம். தடித்த குட்டை க்ரேயான், புள்ளி மேல் எழுதுவது, இல்லை எழுத்து அட்டையை ஒட்டுவது. பாடம் எழுத்தறிவதுதான், கை வலிமைப் பரீட்சை இல்லையே.

காது மூடியை சைரனுக்கும் அசெம்ப்ளிக்கும் மட்டும் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் சாதாரண சத்தம்கூடத் தாங்காமல் போகும், டீச்சர் சொல்வதும் கேட்காது. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் முழு யூனிஃபார்ம் என்பது பெரியவர்களுக்கே தண்டனை. காலர் லேபிளை வெட்டிவிடுங்கள், சாக்ஸ் தையல் விரலில் உரசினால் திருப்பிப் போடுங்கள், விளையாட்டு டிஷர்ட்டுக்கு அனுமதி கேளுங்கள். டாய்லெட்டுக்குப் பயந்து அடக்குகிறானா என்றும் பாருங்கள். ஃப்ளஷ் சத்தம் நிறைய பிள்ளைகளுக்கு ஆகாது.

உம்லாங்கா_தாள்கட்டு:

நான் காகிதப் பக்கம்.

"வந்து கூட்டிப் போங்கள்" என்பது சஸ்பென்ஷன் அல்ல, எந்தப் பதிவும் இல்லாத ஒன்று. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், காரணம், முடிவெடுத்தவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள், மரியாதையாக. 1996ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், பிரிவு 9 படி சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் பள்ளி ஆளுமைக் குழுவுக்கு. கடுமையான ஒழுங்கீனம் என்ற சந்தேகம் வேண்டும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், ஏழு பள்ளி நாட்களுக்குள் விசாரணை. அதே சட்டத்தின் பிரிவு 10 பள்ளியில் பிள்ளைகளை அடித்துத் தண்டிப்பதைத் தடை செய்கிறது. எழுத்தில் கேட்ட உடனேயே போன் குறைவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம் 2014இல் வந்த சியாஸ் (SIAS) கொள்கை, அதாவது உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தரும் முறை. கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "எஸ்என்ஏ 1 நிரப்பியாகிவிட்டதா?" அது ஆதரவுத் தேவையை மதிப்பிடும் முதல் படிவம், வகுப்பு டீச்சர் உங்களையும் கலந்து நிரப்புவது. அது போதாவிட்டால் பள்ளி ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 எடுத்து, தனிநபர் ஆதரவுத் திட்டம் எழுதும். அதுவும் போதாவிட்டால்தான் மாவட்ட ஆதரவுக் குழு, எஸ்என்ஏ 3. ஸ்பெஷல் ஸ்கூல் பேச்சு அந்த மூன்றாம் படியில் வருவது, முதல் கூட்டத்தில் வாய்மொழியாக அல்ல. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியும் வரும், ஆகவே இருக்கும் இடத்தை நீங்களாக விட்டுவிடாதீர்கள். டாக்டர் நிரப்பும் டிபிஇ 126 (உடல்நலம், இயலாமை மதிப்பீட்டுப்) படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஆதரவுத் திட்டத்தில் "ஊக்கப்படுத்தப்படும்" மாதிரி வாக்கியம் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். யார், எத்தனை மணிக்கு, என்ன செய்வார், எந்தத் தேதியில் மறுபார்வை என்று இருக்க வேண்டும். 38 பிள்ளைகளோடு ஒற்றையாக நிற்கும் டீச்சருக்கு 9.30லிருந்து பத்து நிமிடம் இன்னொரு பெரியவர் வேண்டும் என்று நீங்களே கேட்டால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

கேர் டிபென்டென்சி கிராண்ட் (கடும் இயலாமை உள்ள பிள்ளைக்கான அரசு உதவித்தொகை) குடிமக்கள், நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், அகதிகளுக்கு மட்டும். வேலை விசாவில் கிடைக்காது, அங்கே அலைய வேண்டாம். இங்கே வரி கட்டுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் ஐடிஆர்-டிடி (வரிக் கணக்குக்காக இயலாமையை உறுதிப்படுத்தும்) படிவம் நிரப்பி வாங்கி, தெரபி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

டர்பன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரிடம் கார்டு பற்றிப் பேசினேன். "நாள் முழுக்க அதையேதான் நீட்டுவான், மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள்" என்கிறார். ஃபெசிலிட்டேட்டர் வைக்கலாமா? தமிழ் விஷயத்துக்கும் யாராவது சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_சிறப்புக்கல்வி:

முதல் வாரம் நீட்டத்தான் செய்வான். நாளுக்கு 20 முறை என்றே வையுங்கள், இரண்டு நிமிடம் வீதம் 40 நிமிடம் போகும். இப்போது 10.30க்குக் கிளம்பினால் 1.30 வரை மூன்று மணி நேரம் போகிறது. டீச்சரிடம் இந்தக் கணக்கை அப்படியே சொல்லுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து காத்திருக்கும் நேரத்தை இழுக்கத் தொடங்கலாம். கார்டை வாங்கிக்கொண்டு "இன்னும் ஒரு எழுத்து, பிறகு பிரேக்". பத்து விநாடி, ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று மெதுவாக. அது நிலைத்த பிறகு காலையில் பையில் ஆறு கார்டு என்று எண்ணிக்கை. தீர்ந்துபோகும்படி விடக் கூடாது, தீர்ந்தால் பழைய கைதான் பேசும். 15 நிமிடத்துக்கு ஒரு ஓய்வை அட்டவணையிலேயே போட்டுவிட்டால் கேட்கவே தேவை குறையும். மற்ற பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் ஒரு முறை கொடுங்கள், இரண்டு நாளில் அலுத்துவிடும்.

ஃபெசிலிட்டேட்டர் வைத்தால் பின்னால் நிற்க வேண்டும், பக்கத்தில் உட்காரக் கூடாது. டீச்சர் சொன்னதும் மனதுக்குள் பத்து எண்ணி, அதற்கப்புறமும் அசையாவிட்டால் மட்டும் படத்தைக் காட்டுவது. அவரே எல்லாம் சொன்னால் டீச்சர் குரலை அவன் கேட்பதே நின்றுவிடும். ஒப்பந்தத்திலேயே "இரண்டாம் டெர்மில் மேட், எழுத்து நேரம் மட்டும்" என்று குறைப்பதை எழுதிவிடுங்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரு மொழியால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்கும் என்பதற்கு ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. வீட்டில் பாட்டியோடு, அப்பாவோடு பேசும் மொழியைப் பிடுங்கினால்தான் பேச ஆளில்லாமல் போகும். பள்ளியில் உள்ள அதே படங்களை வீட்டிலும் ஒட்டுங்கள். அதைக் காட்டி நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அங்கே ஆங்கிலத்தில் சொல்லட்டும். "பிரேக்" என்ற சொல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் தாள், டாக்டர் கடிதம், லாமினேட் செய்த கார்டு மூன்றும் எடுத்துப் போங்கள். கார்டைக் கையில் பார்த்தால் பேச்சு சஸ்பென்ஷனிலிருந்து "எங்கே ஒட்டலாம்" என்பதற்கு மாறும்.