சயனைட் மலையில் இன்னும் தங்கம் இருக்கிறதா? (கோலார் தங்கவயல்)

பாலாற்றங்கரை கேட்டது:

கோலார் தங்கவயலில் சாம்பலும் வெளிர் மஞ்சளுமாக மண்மலைகள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் சயனைட் மலை என்கிறார்கள். யூடியூபில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் தட்டில் அந்த மண்ணை அலசி மினுக்கும் தூளைக் காட்டி ‘பாருங்க தங்கம்’ என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. அந்த மண்ணில் தங்கம் இருப்பது உண்மையா, உண்மையானால் 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு ஏன் யாரும் எடுக்கவில்லை? காற்றில் பறக்கிற தூளில் சயனைடு இருக்கிறதா? மலையை விடுங்கள், தண்ணீரை இறைத்துவிட்டுச் சுரங்கத்தையே திறந்தால் என்ன?

உலக்கைமில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தங்கம் இருக்கிறது. எவ்வளவு, எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

அந்த மண் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். தங்கவயலின் பேர்போன சாம்பியன் ரீஃப் ஒரு வெள்ளைக்கல் படிவம், அதாவது குவார்ட்ஸ். ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி 1880-ல் வந்து, கையிருப்பெல்லாம் கரைகிற நேரத்தில், 1885 வாக்கில்தான் அந்தப் படிவத்தைத் தொட்டது. வெட்டிய கல்லை மில்லுக்குக் கொண்டுபோய் இடித்தார்கள். நம் வீட்டு உரல் உலக்கைதான், இரும்பில் செய்தது. ஐந்து உலக்கைக்கு ஒரு உரல்பெட்டி. ஒவ்வொரு உலக்கையும் ஏறத்தாழ அரை டன் கனம், ஒரு சாண் உயரத்திலிருந்து நிமிடத்துக்கு 90, 100 தடவை விழும். தண்ணீரோடு சேர்ந்து கூழான கல் சல்லடை வழியே வெளியே வந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடும். தனித்திருக்கும் தங்கத்துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையைச் சுரண்டி, மெல்லிய தோலில் வைத்துப் பிழிந்து, மூடிய இரும்புப் பாத்திரத்தில் சூடேற்றினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிக் குழாயில் குளிர்ந்து திரும்பிவிடும். அடியில் பஞ்சுபோலத் தங்கம் நிற்கும்.

தகட்டில் ஒட்டாமல் ஓடிப்போன மண்ணுக்காக வந்ததுதான் சயனைடு. 1887-ல் காப்புரிமை பெற்ற முறை, சில ஆண்டுகளில் கோலாருக்கும் வந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ சோடியம் சயனைடு, அவ்வளவு நீர்த்த கரைசல் போதும். ஆனால் இரண்டு நிபந்தனை. காற்று கலந்துகொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜன் இல்லாமல் தங்கம் கரையாது. சுண்ணாம்பு போட்டு பி.ஹெச். அளவை 10.5-க்குக் கீழே இறங்காமல் வைக்க வேண்டும், இறங்கினால் கரைசலிலிருந்து விஷவாயு கிளம்பும். தங்கம் கரைந்த நீரைத் துத்தநாகத்தின் மேல் விட்டால் தங்கம் படியும். மிஞ்சிய மண் போய்ச் சேர்ந்த இடம்தான் நீங்கள் பார்த்த மலை.

மிச்சத் தங்கம் அதில் தங்கியதற்குக் காரணம் மூன்று. கந்தகக் கனிமத் துகளுக்குள் அடைபட்ட தங்கத்தைக் கரைசல் தொட முடியாது. பருக்கைத் தங்கம் முழுக்கக் கரையும்வரை தொட்டியில் விட்டுவைக்க நேரம் இல்லை. கரைந்ததிலும் ஒரு பங்கு, ஈரமண்ணைச் சரியாகக் கழுவாததால் மண்ணோடு போய்விட்டது.

இப்போது கணக்கு. மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். டன்னுக்கு ஏறத்தாழ 0.7 கிராம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெருக்கினால் 23 டன் வருகிறது. கேட்க இனிக்கும். ஒரு பவுனுக்கு 8 கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்குக் குறைந்தது பதினொன்றரை டன் மண், அதாவது ஒரு டிப்பர் லோடு. அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால்! நிஜத்தில் அந்த மண்ணை இன்னும் நைசாக அரைத்து, மறுபடி சயனைடு போட்டு, பாதிக்குச் சற்று மேல் எடுத்தாலே நல்ல மில். அரைத்த 3.3 கோடி டன்னை மறுபடி எங்கே கொட்டுவது? இந்தத் தடவை அடியில் நீர் இறங்காத பிளாஸ்டிக் தாள் விரித்த குளம் வேண்டும், சும்மா மேடாகக் குவிக்க முடியாது.

தாமதத்துக்குக் காரணம் கணக்கு மட்டுமல்ல. தொழிற்சங்கங்கள், அரசு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2013-ல்தான் உலக ஒப்பந்தப்புள்ளிக்கு வழி பிறந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளும் நிற்கும் சுமார் 1,003 ஏக்கரில் வேலை தொடங்க ஒப்புதல் தந்தது.

மேட்டுமண்:

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. 13 மேடும் ஒரே தரம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மில் மண் போன இடத்தில் தங்கம் கூடுதலாக இருக்கலாம், கடைசிக் காலத்து மண்ணில் குறைவாக இருக்கலாம். ஒரே மேட்டிலும் அடுக்குக்கு அடுக்கு மாறும். அதனால் மேலே ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. கட்டம் போட்டு உச்சியிலிருந்து அடிமண் வரை துளையிட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனி மாதிரி எடுத்தால்தான் மதிப்பீடு. துளைக்கருவி அடிமண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டால் முடிவு தப்பும். இது அடிக்கடி நடக்கிற தவறு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பறக்கும் தூளில் பயப்பட வேண்டியது சயனைடு அல்ல. தனியாக நிற்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் சில வாரம், சில மாதத்தில் சிதைந்துவிடும். இரும்போடு கட்டுண்டது மட்டும் நெடுநாள் தங்கும். பேர் மலைக்கு ஒட்டிக்கொண்டதே தவிர, இருபது ஆண்டு வெயில் பட்ட மேற்பரப்பில் கேடு செய்வது சிலிகா. உலக்கையும், இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கும் பந்து மில்லும் குவார்ட்ஸை மாவாக்கிவிட்டன. பத்து மைக்ரானுக்குக் கீழே இருக்கும் தூள் நுரையீரல் அடிவரை போகும். சுரங்கத் தொழிலாளிக்கு வந்த சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயும் இதே தூளால்தான். மாசி, பங்குனியில் காற்றெடுத்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் புழுதியைத்தான் தடுக்கும். என்95 முகக்கவசம் வேண்டும். வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மேட்டடியில் மழைநீர் தேங்கும் குட்டையை மாடு குடிக்க விடக் கூடாது. கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும், அமிலம் ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்துக் கொண்டுவரும். இந்த மணலைப் பூச்சு வேலைக்கு அள்ளுவதும் வேண்டாம். துகள் எல்லாம் ஒரே நைசு என்பதால் சிமெண்டைக் குடிக்கும். சல்பேட் இருந்தால் பூச்சு உப்பிக் கழன்று விழும்.

மரம் நட்டால் போதாதா என்பார்கள். அந்த மண்ணில் மக்கிய இலைதழை இல்லை, களிமண் இல்லை, தண்ணீர் நிற்காது, பறக்கும் மணல் கன்றின் தண்டையே தேய்த்துவிடும். நட்டுவிட்டு வந்தால் மறு கோடையில் குச்சிதான் மிஞ்சும். முதல் வேலை உச்சித் தளத்தில் விழும் மழையை விளிம்பில் வழியவிடாமல், கல் பதித்த ஒரு வாய்க்கால் வழியே கீழே இறக்குவது. இதை விட்டால் ஓடை அறுத்து, மற்ற எல்லாம் வீண். பிறகு சரிவில் சம உயரக் கோடுகளில் வெட்டிவேர், ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வரிசை, நாற்றுக்கு நாற்று ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி. ஆனி, ஆடி மழை தொடக்கத்தில், ஒவ்வொரு குழியிலும் வண்டல் மண்ணும் தொழுவுரமும் போட்டு நட வேண்டும். இரண்டு மழை பார்த்துப் புல் பிடித்த பிறகு மரம். தீவனப் புல்லோ பழமரமோ வேண்டாம், ஆட்டை ஏறவும் விடாதீர்கள்.

கேஜ்மணி:

மூன்றாவது கேள்வி. திறக்கலாம் என்று சொல்வது எளிது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து இறக்கித்தான் ஆட்களை வேலை வாங்கினார்கள். சூட்டைவிட மோசம் பாறைவெடிப்பு. கல்லை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் ஏறி, பாறை குண்டு போல வெடிக்கும். மரமுட்டு தாங்காது என்று கருங்கல்லைக் கொத்திச் சுவர் சுவராக அடுக்கி நிரப்பினார்கள். அப்படியும் வெடித்தது.

மூடியதும் பம்பு நின்றது. பக்கத்துச் சுரங்கங்கள் உள்ளே ஒன்றோடொன்று திறந்திருப்பதால் ஒன்றை மட்டும் இறைக்க முடியாது. நீர் ஏறும்போதும் உள்ளே அழுத்தம் மாறிச் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. இறைத்தாலும் அந்த நீரைப் பாலாற்றில் விட முடியுமா? இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் கல்லின் தரம் என்ன? தொடக்கத்தில் டன்னுக்கு 45 கிராம் வரை தந்த இடம், கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இரும்புக்காகவோ தங்கத்துக்காகவோ பழைய ஷாஃப்டில், அதாவது செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழியில், யாரும் இறங்கக் கூடாது. அழுகும் மரமும் துருப்பிடிக்கும் இரும்பும் கந்தகக் கல்லும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, மூச்சு முட்டுவதும் தெரியாது, கால் மடங்கி விழுந்துவிடுவார்கள். தூக்கப் போன அடுத்தவரும் அதே இடத்தில் விழுவார்.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி. சுரங்கம் போன பிறகும் ஊர் ஏன் காலியாகவில்லை?

கேஜ்மணி:

வீடும் ரயிலும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடுகள் சிறியவைதான், ஆனால் அந்த வாடகைக்கு பெங்களூரில் திண்ணைகூடக் கிடைக்காது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர், பெங்களூருக்கே மூன்று வருடம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. குடிதண்ணீருக்குப் பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரி. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்கு 1890களில் போட்ட தண்டவாளம் அப்போது இயந்திரத்தை ஏற்றிவந்தது. இப்போது விடிவதற்குள் ஆட்களை பெங்களூருக்கு ஏற்றிப் போகிறது, இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறது.

உலக்கைமில்:

அந்த யூடியூப் தட்டு பாக்கி இருக்கிறது. மினுக்குவதை ஒரு தையல் ஊசி முனையால் அழுத்திப் பாருங்கள். தங்கமானால் பள்ளம் விழும், உடையாது. தங்கம்போல மின்னும் கந்தகக் கனிமமான பைரைட் நொறுங்கிக் கறுப்புத் தூளாகும். அப்ரகம் (மைக்கா) இதழாகப் பிரிந்து நீரில் மிதக்கும். தட்டைச் சுற்றும்போது தங்கம் கடைசிவரை அடியில் நகராமல் நிற்கும், நிழலில் பிடித்தாலும் அதே மஞ்சள்தான். வெயிலில் மட்டும் மின்னுவது வேறு. மில் மண்ணில் மிச்சம் இருக்கும் தங்கம் எப்படியும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்காது.