ப்ராப் டெஸ்க்கில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். என் தம்பி பி.காம். முடித்துவிட்டு ஒரு ப்ராப் டிரேடிங் நிறுவனத்தில் (தன் சொந்தப் பணத்தைப் போட்டுச் சந்தையில் வர்த்தகம் செய்யும் நிறுவனம்) சேரப் போகிறான். சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு மட்டும்தான். அதற்கும் ஒரு லட்சம் டெபாசிட் கட்ட வேண்டும். நஷ்டம் வந்தால் முதலில் அதில்தான் கை வைப்பார்களாம்.

2023-24இல் எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) ப்ராப் டிரேடர்கள் செலவுகளுக்கு முன் சுமார் 33,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தார்கள் என்கிற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வைக் காட்டுகிறான். சரி, ஆனால் அதில் 96 சதவீதம் அல்கோவில் (கணினி நிரல் தானாக ஆர்டர் போடும் முறையில்) வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறதே! இவன் கையால் ஆர்டர் போடப் போகிறவன்.

உங்களோடு சேர்ந்தவர்களில் இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள்? டெர்மினல் (ஆர்டர் போடும் கணினி) வாடகை, புரோக்கரேஜ் எல்லாம் போகக் கையில் என்ன நின்றது? விலகியபோது டெபாசிட் திரும்பி வந்ததா? திங்கட்கிழமை பணம் கட்டச் சொல்கிறார்கள். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.