தும்பிக்கை வைத்த ‘னை’

சிலேட்டில் ஐந்து சொல் எழுதச் சொல்லியிருந்தேன். கை, பை, மழை, தலை, யானை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் மூன்றையும் அழகாக எழுதியிருந்தான். தலையும் யானையும்தான் கோணல். ‘ல’வுக்கு முன்னால் இணைக்கொம்பைக் காணோம், எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு சுழி வளைந்து நின்றது. ‘ன’வுக்கும் அப்படியே. சாக்பீஸால் இரண்டையும் குறுக்கே அடித்துவிட்டு அடுத்த சிலேட்டை வாங்கிவிட்டேன்.

செய்யாறு பக்கம் சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில், என்னிடம்தான். 2022-இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி உட்காருகிறார்கள். அரும்பில் இருப்பவர்களுக்குக் கையைப் பிடித்து எழுத வைக்கவே பாதி நேரம் போய்விடும். இவன் மொட்டு. அந்த அவசரத்தில்தான் அடித்தேன்.

சாப்பாட்டு மணி அடித்தும் அவன் எழுந்திருக்கவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியில் எச்சில் தொட்டு, நான் போட்ட கோட்டை மட்டும் அழித்துக்கொண்டிருந்தான். கீழே இருக்கும் எழுத்து கலைந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

“முட்டை ஆறிப்போகும், வாடா” என்றேன்.

“எங்க ஆயா கையப் புடிச்சு சொல்லிக் குடுத்துச்சு டீச்சர். யானைக்குத் தும்பிக்கை வேணாமா?”

அப்போதுதான் சிலேட்டைச் சரியாகப் பார்த்தேன். பிள்ளை பிழையே விடவில்லை. என் அப்பாவின் பழைய கடிதங்களில் இதே ‘னை’யைப் பார்த்திருக்கிறேன். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை ணை, லை, ளை, னை நான்கையும் இப்படித்தான் எழுதினார்கள். கைக்கும் மழைக்கும் அப்போதும் இதே இணைக்கொம்புதான். அதனால்தான் என் கண்ணுக்கு மூன்று சரியாகவும் இரண்டு தப்பாகவும் தெரிந்திருக்கிறது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார எழுத்துகள் எல்லாம் சேர்த்து அந்த ஆண்டு மாறியவை 13 எழுத்துகள்.

சாயங்காலம் அவனை அழைத்துப்போக அந்த ஆயா, அவன் பாட்டி, வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். “நான் மூணாவதுதான் படிச்சேன் டீச்சரம்மா. தப்பா சொல்லிக் குடுத்துட்டனா?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்றாவதோடு நின்றவர், இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சுழி பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார். “இல்லம்மா, நீங்க சொன்னது சரி. பாக்காம அடிச்சதுதான் தப்பு. நாளைக்கு வகுப்புக்கு வந்து எழுதிக் காட்டுங்க” என்றேன்.

மறுநாள் பிள்ளைகள் காலை உணவு முடித்துக் கை கழுவி வந்தபோது வாசலில் நின்றிருந்தார். சுவரில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கறுப்பு அடித்திருக்கும் இல்லையா, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். முதல் ‘யானை’க்குக் கை நடுங்கியது. அப்புறம் தலை, வலை, வெள்ளை, பானை என்று வேகம் பிடித்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொரு தும்பிக்கைக்கும் கத்தினார்கள். அரும்பில் அதுவரை பலகைப் பக்கமே வராத ஒரு குட்டி, சாக்பீஸ் எடுத்துப் போய் ‘னை’க்கு ஒரு கண் வைத்தாள்.

பையன் ஆயாவை ஒட்டி உட்கார்ந்து, பக்கத்திலேயே இப்போதைய ‘யானை’யை எழுதினான். “எங்க புத்தகத்துல இப்புடி இருக்கு, ஆயா. நீ எழுது” என்று அவர் விரலைப் பிடித்தான்.