"அப்போ அவங்க திரும்பி வரலையா?" – நடக்காத நிலவு விபத்தை நீங்கள் எப்படி எதிர்கொண்டீர்கள்?

முதல் பதிவு

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நிலவுக்குப் போன ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இனித் திரும்ப வழியில்லை, அது அவர்களுக்கே தெரியும் என்று வாசிக்கிறார். சின்னத் துண்டுதான். அனுப்பிய சித்தப்பா கூடவே ஒரு வரியும் எழுதவில்லை.

அப்பா அதை மூன்று தடவை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அப்போ அவங்க திரும்பி வரலையா?"

அப்பாவுக்கு மறதி நோய் எதுவும் கிடையாது. 1969-ல் அவர் மணப்பாறையில் ஏழாம் வகுப்பு. ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது நம் நேரப்படி ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8.26 மணிக்கு. பள்ளிக்கூடம் போகிற நேரம். பிரேயரில் தலைமையாசிரியர் விஷயத்தைச் சொன்னதும் பையன்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்களாம். காலையில் நிலா எங்கே தெரியும்? சாயங்காலம் அரை நிலா வந்த பிறகுதான், தெருவே திண்ணையில் உட்கார்ந்து பார்த்தது. இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லி வளர்த்த மனிதரையே ஒரு துண்டு வீடியோ ஆட்டிவிட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

உட்கார்ந்து விளக்கினேன். அந்த வீடியோ அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்து 2020-ல் இணையத்தில் விட்டது. இப்படியும் பொய்யாக ஒன்றைக் காட்ட முடியும் என்று மக்களுக்கு உணர்த்தத்தான் செய்தார்கள். 1974-ல் நிக்சன் பதவி விலகும்போது பேசிய காட்சியை எடுத்து, உதட்டசைவை மாற்றி, ஒரு நடிகரின் பேச்சை அவர் குரலாக்கினார்கள். முழுப் படத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு வந்த துண்டில் அது இல்லை.

ஆனால் அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. முகமும் குரலும்தான் பொய். அவர் வாசிக்கிற வரிகள், ஒருவேளை அவர்கள் திரும்ப முடியாமல் போனால் வாசிப்பதற்கென்று நிஜமாகவே எழுதப்பட்டவை. அவர்கள் நல்லபடியாகத் திரும்பியதால் வாசிக்க வேண்டி வரவில்லை. நிலவில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 1969 ஜூலை 18 அன்று, நிக்சனின் உரைகளை எழுதிய வில்லியம் சஃபையர் அதைத் தட்டச்சு செய்து அதிபரின் தலைமை உதவியாளர் ஹால்ட்மனுக்குக் கொடுத்தார். முப்பது வருடம் கழித்து 1999-ல்தான் அப்படி ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது.

உரையின் முதல் வரியைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: அமைதியாக ஆராய்வதற்கு நிலவுக்குப் போனவர்கள், அமைதியாக உறங்க அங்கேயே தங்கும்படி விதி அமைந்துவிட்டது. அதைவிட என்னைத் தூங்கவிடாதது கீழே இருக்கும் குறிப்புகள். உரைக்கு முன் அதிபர் அந்த மனைவிகளுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். உரைக்குப் பின், நாசா அவர்களுடனான தொடர்பை முடித்துக்கொள்ளும் கட்டத்தில், கடலில் உடலை அடக்கம் செய்யும் முறையில் ஒரு பாதிரியார் பிரார்த்தனை செய்ய வேண்டும். அப்படியென்றால் உரை வாசிக்கப்படும்போது அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள். மூச்சு விட்டுக்கொண்டு, ரேடியோவைக் கேட்டுக்கொண்டு.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "என்ன கெட்டுப்போகும்னு பயந்தாங்க?" எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்த உரையையோ வீடியோவையோ நீங்கள் எப்போது, எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1

அப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் 26 வருடம் ஆலைப் பராமரிப்பில் இருந்தவன். எங்கள் ஆலையில் முக்கியமான பம்ப் எதுவானாலும் பக்கத்தில் ஸ்டாண்ட்பை ஒன்று நிற்கும். ஒரு ராத்திரி ஓடிக்கொண்டிருந்ததும் நின்று, ஸ்டாண்ட்பையும் எடுக்காமல் போய், பத்து நிமிடம் நாங்கள் பட்ட பாட்டை இன்றைக்கும் மறக்க முடியாது. அதற்கு அப்புறம்தான் ஒரு பத்திரிகையில் இந்த உரையைப் பற்றிப் படித்தேன். படித்ததும் எனக்குத் தோன்றியது அந்த ராத்திரிதான்.

நிலவிலிருந்து மேலே கிளப்பும் இன்ஜின் ஒன்றே ஒன்று. அதற்கு ஸ்டாண்ட்பை இன்ஜின் கிடையாது. அதனாலேயே அதை முடிந்தவரை எளிமையாகச் செய்தார்கள். பம்ப் இல்லை, ஹீலியம் அழுத்தம்தான் திரவங்களைத் தள்ளும். பற்றவைக்கும் பொறி தேவையில்லை, இரண்டு திரவங்களும் தொட்டாலே எரியும். வால்வுகளை மட்டும் இரட்டையாக வைத்தார்கள். ஆனால் அந்தத் திரவங்கள் உலோகத்தையே அரிப்பவை. ஒரு தடவை ஓட்டிய இன்ஜினைத் திரும்ப நம்ப முடியாது. ஆகவே நிலவுக்குப் போன அந்த இன்ஜினை அதற்கு முன் ஒரு முறைகூட எரித்துப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்காத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அவர்கள் உயிரையே வைத்தார்கள்.

இன்னொன்று. வெளியே நடந்துவிட்டு உள்ளே வந்தபோது, தரையில் உடைந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை ஆல்ட்ரின் பார்த்தார். அந்த இன்ஜினுக்கு மின்சாரம் தரும் பிரேக்கரின் குமிழ் அது. முதுகுப்பை இடித்திருக்கலாம். விரலால் அழுத்தினால் மின்சாரம் தாக்கும் என்று, சட்டைப்பையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தினார். அது உள்ளே போய் நின்றது. அந்தப் பேனாவை அவர் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுமொழி 2

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் அந்த உரையை மொழிபெயர்த்து வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வீடியோவைக் காட்டவில்லை. வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், மேலே சுத்திட்டிருந்தவர் பேரே இதுல வரலையே?"

உண்மைதான். அவர்களோடு போன மூன்றாமவர் மைக்கேல் காலின்ஸ். உரையில் அவர் பெயர் இல்லை. அவர் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் 48 நிமிடம் நிலவுக்குப் பின்னால், யாருடனும் பேச்சு இல்லாமல். கீழே இருப்பவர்கள் அரைகுறை உயரத்துக்கு வந்தால் தன் கலத்தைத் தாழ்த்திப் போய்ப் பிடிப்பதற்கு 18 விதமான வழிமுறைகளை எழுதி கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கிளம்பவே முடியாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கலத்துக்கு இறங்கும் கால்கள் இல்லை. அவர்களை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புவதுதான் ஆறு மாதமாகத் தனக்கு இருந்த ரகசிய பயம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

விபத்து நடந்ததாக வைத்துக்கொண்டு அவர் பூமிக்குத் திரும்பிய நாளை எழுதி வரச் சொன்னேன். அந்தப் பெண் மூன்று வரிதான் எழுதியிருந்தாள். கடலில் மீட்புக் கப்பலில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்க வேண்டும்.

அதற்கு மதிப்பெண் போட என்னால் முடியவில்லை.

முதல் பதிவிட்டவர்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பேனா விஷயத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"கிளம்பினது எத்தனை மணிக்கு?" என்றார். கணக்குப் போட்டுச் சொன்னேன். அதே திங்கட்கிழமை, நம் நேரப்படி ராத்திரி 11.24. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான், ஆளில்லாத சோவியத் கலமான லூனா 15 அதே நிலவில் மோதி நொறுங்கியிருந்தது. இவர்களைக் கிளப்பிய இன்ஜின் ஓடியது ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்.

"நாங்க இறங்கினதைத்தான் பேசிட்டிருந்தோம். கிளம்பணும்கிறதை ஒருத்தரும் நினைக்கல" என்றார். பிறகு மெதுவாக, "11.24-க்கு நான் தூங்கிட்டிருந்திருப்பேன்" என்றார்.

வீடியோவை நான் அழித்துவிட்டேன். சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன்.