இந்தி இயக்குநர் மணி கௌல் படங்களை நீங்கள் முதலில் பார்த்தது எப்படி?

சத்யஜித் ராய், ரித்விக் கட்டக், மிருணாள் சென் என்று வங்காள இயக்குநர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட மணி கௌல் பெயரைச் சொன்னால் “ஓ, அந்த ஸ்லோ படக்காரரா” என்று நகர்ந்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன். நான் தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு முதலில் அமைந்தது ‘உஸ்கி ரோட்டி’ (1969), ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். மோகன் ராகேஷின் சிறுகதை. பஸ் டிரைவரான கணவனுக்கு ரொட்டி கட்டிக்கொண்டு பாலோ சாலையோரம் வந்து நிற்பாள். ஒருநாள் வரத் தாமதமாகிவிடுகிறது, அவன் கோபத்தில் வாங்காமல் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை. பாதிப் படத்திலேயே நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனால் அவள் காத்திருக்கும் நேரம் முழுக்க நம்மையும் அங்கேயே நிற்க வைக்கிறார் மனுஷன். ஒளிப்பதிவாளர் கே.கே. மகாஜனுக்கு அகலமாகக் காட்டும் 28 எம்.எம்., தூரத்தை நெருக்கிக் காட்டும் 135 எம்.எம். என்று இரண்டே லென்ஸ். ஒன்று நிஜத்துக்கு, மற்றது அவள் நினைப்புக்கு என்று நாம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்தக் கணக்கையும் கலைத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் நடந்தது எது, அவள் நினைத்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

*

நான் ஷாருக் கான் வழியாக வந்தவன், சிரிக்காதீர்கள். ‘பஹேலி’ (2005) பிடித்துப்போய் மூலக்கதை யாருடையது என்று தேடினேன். விஜய்தான் தேத்தா எழுதிய ராஜஸ்தானிக் கதை. அதையே மணி கௌல் 1973இல் ‘துவிதா’ என்று எடுத்திருக்கிறார். கல்யாணமான கையோடு வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுகிறான் கணவன். மணப்பெண்ணைக் கண்டு மயங்கிய பேய் அவன் உருவத்தில் வீட்டுக்கு வருகிறது. தான் யார் என்பதை அவளிடம் மறைக்கவும் இல்லை. ‘பஹேலி’யில் முடிவு சுபம். இதில் பேயைப் பையில் அடைத்துவிடுகிறார்கள், அவள் பழைய கணவனோடு வாழ்ந்தாக வேண்டும். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்சி சட்டென்று உறைந்து புகைப்படமாக நிற்கும். முதல் தடவை லேப்டாப்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்துத் தட்டினேன். வெள்ளைச் சுவர், சிவப்பு முக்காடு, ரைசா பதம்சியின் முகம். இத்தனைக்கும் பணமில்லாமல் 16 எம்.எம். என்ற சின்ன ஃபிலிமில் எடுத்த படம். இயக்கத்துக்குத் தேசிய விருதும் வாங்கியது. என் நண்பர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

*

தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இவர் ஒத்து வரலை. புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல கட்டக்கிடம் படித்தவர்னு கேள்விப்பட்டு ஆசையா உட்கார்ந்தேன். கட்டக் படத்தில் அழுதிருக்கேன். இங்கே எல்லாரும் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசறாங்க. ‘இடியட்’ல (1992) மட்டும் ஆளுக்கு ஆள் கொட்டித் தீர்க்கறாங்க, அதுலயும் யார் யாருன்னு புரியறதுக்குள்ள களைச்சுட்டேன். ரசிக்கறவங்க ரசிங்க.

*

தம்பி, அந்த ஒப்பிப்பு வேண்டுமென்றே செய்ததுதான். பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் பாதிப்பு. நடிகர் நமக்காக அழுது காட்டக் கூடாது என்பது அந்தப் பள்ளி. பிடிக்காமல் போனால் தப்பில்லை, எனக்கே ‘உஸ்கி ரோட்டி’யை முழுதாகப் பார்க்கப் பொறுமை இருந்ததில்லை.

நான் பாட்டுக் கற்றுக்கொண்டவள், அதனால் வேறு வாசல் வழியாக உள்ளே போனேன். ‘துருபத்’ (1982) என்று, அந்தப் பெயருள்ள பழைய இந்துஸ்தானி இசை வடிவத்தைப் பற்றி, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்காக ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஜியா மொஹியுத்தீன் டாகர் ருத்ர வீணை வாசிக்க, தம்பி ஃபரீதுத்தீன் டாகர் பாடுகிறார். மணி கௌலும் அவர்களிடம் துருபத் கற்றவர். ஒரு ஸ்வரத்திலேயே நின்று, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அடுத்ததை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆலாபனையை அவசரப்படுத்த நமக்குத் தோன்றுமா? அவர் ஷாட்டுகளும் அப்படித்தான் நகர்கின்றன. கடைசியில் கேமரா நகரத்துக் கூரைகள்மேல் போய்க்கொண்டே இருக்கும், பாட்டும் கூடவே போகும்.

‘சித்தேஸ்வரி’ (1989) இன்னும் ஒரு படி மேலே. தும்ரி என்ற இந்துஸ்தானி மெல்லிசை வகையைப் பாடிய சித்தேஸ்வரி தேவியாக மீதா வசிஷ்ட். வாழ்க்கை வரலாறு என்று வரிசையாக எதுவும் வராது. காசி, கங்கை, படகு, குரல். முடிவில் நிஜமான சித்தேஸ்வரி பாடும் பழைய பதிவை, அவராக நடித்த மீதாவே டிவியில் பார்க்கிறார். எனக்குக் கண் கலங்கியது, மணி கௌல் படத்திலும் அழலாம் தம்பி.

‘இடியட்’டில் போய் ஆரம்பித்தால் யாருக்கும் மூச்சு முட்டும். ‘துருபத்’தில் தொடங்குங்கள், அடுத்து ‘துவிதா’. மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், நல்ல ஹெட்போன் கட்டாயம்.