புதுப்பிப்பு: துபாயிலிருந்து திரும்பியவருக்கு வேலையின்மை உதவி கிடைக்குமா?

துபாய் வேலை போய் சென்னை வந்துவிட்டேன், எங்காவது உதவித்தொகை கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் அமீரகத்தின் வேலையிழப்புக் காப்பீடு. மாதம் 5 திர்ஹம் ஒழுங்காகக் கட்டியிருந்தேன். ஆனால் வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாட்டிலேயே இருக்கவும் வேண்டும். விமானம் ஏறியதோடு அந்தக் கதை முடிந்தது. அங்கே இன்னும் இருப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து தமிழக அரசின் உதவித்தொகை. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு 5 ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதை நான் வெளிநாட்டில் மறந்தே போனேன். பதிவு காலாவதி.

கைகொடுத்தது, 'பழைய கம்பெனி பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கிடக்கிறதா பாருங்கள்' என்று இங்கே பதில் சொன்ன அம்பத்தூர் அண்ணன் ஒருவர் சொன்னதுதான். 2019-இல் விட்ட வேலை, பணம் அப்படியே இருந்தது. ஆனால் கம்பெனி நான் விலகிய தேதியை பி.எஃப். கணக்கில் பதிவே செய்யவில்லை, அது இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது. அதை ஆதார் ஓ.டி.பி. மூலம் நாமே பதியலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

சரி, ஓ.டி.பி. வர வேண்டுமே? ஆதாரில் இருந்ததோ எப்போதோ செத்துப்போன சிம். ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றினேன். அப்புறம் பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19, ஓய்வூதியப் பங்குக்குப் படிவம் 10சி போட்டேன். இரண்டு பணமும் வங்கிக்கு வந்துவிட்டன.